வாடகை ஒப்பந்தப் பதிவுச் சேவை: நீலகிரியில் குடியிருப்பவருக்கு எவ்வளவு கைகொடுக்கிறது?

ஊட்டியிலோ குன்னூரிலோ 8,000 ரூபாய் வாடகையில் இருக்கிறீர்கள். அடுத்த மாதத்திலிருந்து 12,000 என்கிறார் ஓனர். அரசின் வாடகை ஒப்பந்தப் பதிவுச் சேவை இதைத் தடுக்குமா? ஒப்பந்தக் காலம் இன்னும் ஓடிக்கொண்டிருந்து, அதில் உயர்வு பற்றி எதுவும் எழுதப்படாமல், ஒப்பந்தம் பதிவும் ஆகியிருந்தால் தடுக்கும். 11 மாதம் முடிந்த பிறகு கேட்கிறார் என்றால், உங்கள் கையில் இருப்பது ஒரு மனு போடும் உரிமை மட்டும்தான். உயர்வு கேட்கப்படுவதற்கு முன்பே பயன்படுத்த வேண்டிய சேவை இது. கேட்ட பிறகு ஓடிப்போனால் பாதிப் பயன்தான் கிடைக்கும். மலையில் குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் போகிறார்கள்.

சேவையின் அடிப்படை 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்பிருந்த 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதோடு விலக்கப்பட்டது. ஊட்டி கமர்ஷியல் ரோட்டிலும் குன்னூர் பெட்போர்டிலும் பழைய கடைக்காரர்கள் இன்னும் சொல்லும் 'நியாய வாடகை' அந்தப் பழைய சட்டத்தினுடையது. கட்டட, மனை மதிப்பில் குடியிருப்புக்கு 9 சதவீதம், கடைக்கு 12 சதவீதம் என்று கணக்குப் போட்டு நீதிமன்றமே வாடகையை நிர்ணயித்த முறை அது. புதிய சட்டத்தில் அந்தக் கணக்கு இல்லை. 'வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாதாம்' என்று டீக்கடையில் சொல்வதும் தவறு. இந்தச் சட்டம் எந்தச் சதவீத உச்சவரம்பையும் வைக்கவில்லை. இருவரும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வதுதான் வாடகை, அதில் எழுதியபடிதான் உயர்வு. ஏமாற்றமான செய்திதான். ஆனால் இதை முதலில் மனத்தில் பதித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும்.

யாருக்கு இது பொருந்தும் என்பதில் மலையில் ஒரு சிக்கல் உண்டு. சட்டம் நகர்ப்புறத்துக்கானது: மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி. ஊட்டி, குன்னூர், கூடலூர், நெல்லியாளம் நகராட்சிகளில் இருப்பவர்களும், கேத்தி, ஜெகதளா, அதிகரட்டி, உலிக்கல் போன்ற பேரூராட்சிகளில் இருப்பவர்களும் உள்ளே வருகிறார்கள். நஞ்சநாடு, தூனேரி போன்ற கிராம ஊராட்சிகளில் வாடகைக்கு இருப்பவர்கள் வெளியே நிற்கிறார்கள். பழனி மலையிலும் இதே கதை. கொடைக்கானல் நகராட்சிக்குள் இருக்கும் வீட்டுக்குப் பொருந்தும், பக்கத்திலேயே இருக்கும் வில்பட்டி ஊராட்சி வீட்டுக்குப் பொருந்தாது. பேருந்தில் 'ஊட்டி' என்று டிக்கெட் எடுத்து இறங்குவதாலேயே உங்கள் வீடு ஊட்டி நகராட்சிக்குள் வந்துவிடாது. வீட்டுவரி ரசீதில் எந்த உள்ளாட்சியின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள், அதுதான் கணக்கு. ஊராட்சி வீடுகளுக்கு 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம்தான். வேறுவிதமாக எழுதிக்கொள்ளாத மாத வாடகைக் குடியிருப்பை 15 நாள் அறிவிப்பில் முடித்துக்கொள்ள அதன் 106-ஆம் பிரிவு இடம் தருகிறது. அங்கே இருப்பவர்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இன்னும் அவசியம்.

நகரத்துக்குள் இருந்தாலும் சில கட்டடங்கள் விலக்கு. நகராட்சி மார்க்கெட் கடைகளின் வாடகைத் தகராறை இங்கே கொண்டுவர முடியாது, அவை உள்ளாட்சியின் சொத்து. எஸ்டேட் லைன் வீடுகள், டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) குடியிருப்புகள், தொழிற்சாலை குவார்ட்டர்ஸ் போல வேலையோடு சேர்த்துத் தரப்படும் வீடுகளும் வராது. கூடலூர்ப் பக்கம் இன்னொரு சங்கடம்: ஜென்மி எனும் பெருநிலக்காரர்களின் நிலங்களைப் பற்றிய ஜென்ம நிலச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் சிக்கி, உரிமை இன்னும் தீராத நிலங்களில் உள்ள வீடுகளுக்குப் பட்டா இல்லாததால், ஓனர் எதையும் எழுத்தில் தரத் தயங்குவார். அங்கே வங்கி வழியாகக் கட்டிய வாடகைப் பதிவுதான் வாடகைதாரரின் முதல் சான்று. அதைத் தவறாமல் சேர்த்துவையுங்கள்.

இனிப் பதிவு. இணையதளத்தின் முகவரி டெனன்சி டாட் டிஎன் டாட் கவ் டாட் இன். எழுத்து ஒப்பந்தம் போட்டு 90 நாளுக்குள் பதிய வேண்டும். 11 மாத ஒப்பந்தத்துக்குப் பதிவு வேண்டாம் என்ற பேச்சு சார்பதிவாளர் அலுவலகப் பதிவைப் பற்றியது. அந்த விலக்கை இங்கே கொண்டுவராதீர்கள். எத்தனை மாத ஒப்பந்தமானாலும் வாடகை அதிகாரியிடம் (மாவட்டங்களில் பொதுவாகக் கோட்டாட்சியர்) பதிய வேண்டும், புதுப்பிக்கும்போது மறுபடியும் பதிய வேண்டும். ஓனர் பதியட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. வாடகைதாரரும் விண்ணப்பிக்கலாம். இதுதான் இந்தச் சேவையில் மெச்ச வேண்டிய முதல் அம்சம்.

விண்ணப்பத்தில் இரு தரப்பின் பெயர், முகவரி, அடையாள எண்கள், வீட்டின் விவரம், குடிவந்த தேதி, மாத வாடகை, தண்ணீர், மின்சாரம், பராமரிப்பு போன்ற தனிக் கட்டணங்கள், ஒப்பந்தக் காலம் ஆகியவை கேட்கப்படும். கையெழுத்தான ஒப்பந்தத்தை இணைக்க வேண்டும். ஏற்கப்பட்டதும் தனிப் பதிவு எண் கிடைக்கும். தவறு நடப்பது பெரும்பாலும் சின்ன இடங்களில்தான். மலையில் ஒரே கதவு எண்ணில் மேல் வீடு, கீழ் வீடு, பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு போர்ஷன் என்று மூன்று குடும்பம் இருக்கும். ஒப்பந்தத்தில் வெறும் கதவு எண்ணை மட்டும் எழுதினால் எந்தப் பகுதி உங்களுடையது என்பது நாளைக்கு வழக்காகும். 'கீழ்த்தளம், சாலையிலிருந்து படி இறங்கி வலப்பக்கம், இரண்டு அறை, ஒரு சமையலறை, ஒரு குளியலறை' என்ற அளவுக்கு எழுதுங்கள். வீடு மாமனார் பெயரில் இருக்க, மருமகன் கையெழுத்துப் போடுவதும் நிறைய நடக்கிறது. வீட்டுவரி ரசீதில் யார் பெயர் இருக்கிறதோ அவர் கையெழுத்திட வேண்டும், அல்லது அவர் கொடுத்த அதிகாரப் பத்திரத்தின் நகல் கூடவே இருக்க வேண்டும்.

பதிவாகாத ஒப்பந்தத்தைச் சான்றாக ஏற்கச் சட்டம் மறுக்கிறது. அது மட்டுமல்ல, எழுத்து ஒப்பந்தம் இல்லை என்பதையே காலி செய்யக் கோரும் காரணங்களில் ஒன்றாகவும் 21-ஆம் பிரிவு வைத்திருக்கிறது. 'நம்ம ஆளுதான், பேப்பர் எதுக்கு' என்று பத்து வருடம் வாய்ப் பேச்சில் குடியிருப்பவர் தான் பத்திரமாக இருப்பதாக நினைக்கிறார். சட்டத்தின் கண்ணில் அவர் நிலைதான் மிக மோசம்.

உயர்வு விதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இந்தச் சேவையின் முழுப் பயனும் அந்த ஒரு வரியில்தான் நிற்கிறது. ஜெராக்ஸ் கடையில் தயாராக இருக்கும் படிவங்களில் பலவற்றில் 'உரிமையாளர் அவ்வப்போது நிர்ணயிக்கும் வாடகையைக் கொடுக்கச் சம்மதிக்கிறேன்' என்றோ, 'சந்தை நிலவரப்படி உயர்த்தப்படும்' என்றோ ஒரு வரி இருக்கும். அதில் கையெழுத்துப் போட்டுப் பதிவும் செய்தால், ஓனரின் விருப்பத்துக்கு நீங்களே அரசு முத்திரை வாங்கிக் கொடுத்ததாகிவிடும். அந்த வரியை அடித்துவிட்டு எண்ணை எழுதுங்கள்: முதல் ஆண்டு 8,000, இரண்டாம் ஆண்டு 8,400, மூன்றாம் ஆண்டு 8,820. '5 சதவீதம்' என்று மட்டும் எழுதினால் ஆரம்ப வாடகையிலா, அப்போதைய வாடகையிலா என்று சண்டை வரும். ரூபாயில் எழுதினால் பேச்சுக்கே இடமில்லை. கூடவே இன்னும் இரண்டு வரி சேருங்கள். ஒன்று, புதுப்பிக்கும்போது உயர்வு கேட்பதானால் மூன்று மாதம் முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். மற்றது, அந்த உயர்வு இத்தனை சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சட்டம் வைக்காத உச்சவரம்பை ஒப்பந்தம் வைக்கலாம். வாடகைதாரருக்குக் கிடைக்கக்கூடிய உண்மையான உச்சவரம்பு அது ஒன்றுதான்.

ஒப்பந்தக் காலத்தையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். 11 மாதம் என்பது பழக்கத்தால் வந்தது. ஏப்ரலில் குடிவந்தவருக்கு அது மார்ச்சில் முடியும், அதாவது சீசனுக்கு முந்தின மாதம். மலர்க் கண்காட்சிக்கு வரும் கூட்டத்துக்கு அதே வீட்டை நாள் வாடகைக்கு விட்டால் என்ன கிடைக்கும் என்ற கணக்கு ஓனர் மனத்தில் ஓடும் நேரம். நீலகிரியில் கட்டட உயரத்துக்கு 7 மீட்டர் வரம்பு, செங்குத்துச் சரிவு, வனம், தேயிலை எனப் புது வீடு கட்ட ஆயிரம் தடை. வீடு பெருகாத ஊரில் இருக்கிற வீடும் ஹோம்ஸ்டே ஆகிறபோது உயர்வு கேட்பவரின் கை ஓங்கத்தான் செய்யும். எனவே ஒப்பந்தம் நவம்பரிலோ ஜூலை மழையிலோ முடியும்படி தேதி வையுங்கள். மூன்று வருட ஒப்பந்தத்துக்கு ஓனர் சம்மதித்தால் இன்னும் நல்லது. அதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் ஆகும். ஆனாலும் மூன்று சீசனைக் கவலையில்லாமல் கடக்க அந்தச் செலவு தகும் என்பது எங்கள் கருத்து.

உயர்வு அறிவிப்பு வந்தேவிட்டது என்றால் சேவை என்ன தருகிறது? முதலில் பதிலை எழுத்தில் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாலும் பதில் தபாலிலும் போகட்டும். பதிவுத் தபால் 2025 செப்டம்பர் 1 முதல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது, எனவே விரைவுத் தபாலில் ஒப்புகை கேட்டு அனுப்ப வேண்டும். பதிலில் ஒப்பந்தத் தேதி, பதிவு எண், உயர்வு பற்றிய விதி, இப்போது கட்டிவரும் வாடகை, இவை மட்டும் போதும். கோபம் வேண்டாம், அந்தக் காகிதம் நாளை அதிகாரியின் மேசையில் இருக்கும்.

பிறகு பழைய வாடகையை, அதே தேதியில், அதே வங்கிக் கணக்கில் கட்டுங்கள். யுபிஐ குறிப்பில் மாதத்தின் பெயரை எழுதுங்கள். 'சமாதானமாக இருக்கட்டும்' என்று 8,000-க்குப் பதில் 9,000 கட்டுவது பெரும் பிழை. உயர்வுக்கு நீங்கள் சம்மதித்ததற்கான சான்றாக அதுவே காட்டப்படும். அதைவிடப் பெரிய பிழை, எதிர்ப்புக்காக வாடகையையே நிறுத்துவது. இரண்டு மாத நிலுவை, அறிவிப்புக் கொடுத்தும் கட்டாமல் விட்டது என்றால் காலி செய்யக் கேட்க ஓனருக்கு நேர் வழி திறந்துவிடும். நியாயம் உங்கள் பக்கம் இருந்த வழக்கு அங்கேயே கைமாறிவிடும்.

ஓனர் பணத்தை வாங்க மறுக்கலாம், கூகுள் பேயில் உங்களைத் தடுக்கலாம், கணக்கு எண்ணை மாற்றலாம். அப்போது அஞ்சலக மணியார்டர் அனுப்புங்கள். தொடர்ந்து இரண்டு மாதம் அனுப்பியும் வாங்கவில்லை என்றால் வாடகை அதிகாரியிடம் வைப்புச் செய்யலாம். திரும்பி வந்த மணியார்டர் ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள், வைப்பு மனுவோடு அவற்றைத்தான் இணைக்க வேண்டும். நிலுவைதாரர் என்ற பெயர் வராமல் காப்பது இந்த ஏற்பாடு. சேவையின் ஆகச் சிறந்த பகுதி இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம்.

வாடகைத் திருத்தத்தில் இருவரும் ஒத்துப்போகவில்லை என்றால் யாராவது ஒருவர் வாடகை அதிகாரியிடம் மனுச் செய்யலாம். திருத்திய வாடகை எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து என்பதை அவர் தீர்மானிக்கலாம். உச்சவரம்பு இல்லாததால் இங்கே பேசப்போவது ஒப்பந்த வாசகமும் அக்கம்பக்க வாடகையும்தான். அதே தெருவில், அதே அளவு வீட்டுக்கு, குடும்பங்களுக்கு விடப்பட்ட மாத வாடகை என்ன என்று மூன்று நான்கு ஒப்பந்த நகல்கள் திரட்ட முடிந்தால் மனு வலுப்படும். எதிர்த்தரப்பு ஹோம்ஸ்டே நாள் கட்டணத்தைக் காட்டினால், அது வேறு வகைப் பயன்பாடு என்று எடுத்துச் சொல்லுங்கள்.

வாடகை அதிகாரி காலி செய்ய உத்தரவிடுபவர் அல்லர். வெளியேற்றம் வாடகை நீதிமன்றத்தின் உத்தரவால்தான் நடக்க வேண்டும், அதன் மேல் வாடகைத் தீர்ப்பாயம் இருக்கிறது. பூட்டை மாற்றுவது, சாமானை வெளியே வைப்பது, தண்ணீர்க் குழாயை அடைப்பது, மீட்டர் ஃபியூஸைப் பிடுங்குவது எதற்கும் ஓனருக்கு உரிமை இல்லை. அத்தியாவசிய வசதிகளைத் துண்டிப்பதை 20-ஆம் பிரிவு நேரடியாகத் தடுக்கிறது. மனுச் செய்தால் இணைப்பைத் திரும்பக் கொடுக்க இடைக்கால உத்தரவு பெறலாம். ஜனவரி உறைபனியில் கைக்குழந்தையோடு இருக்கும் வீட்டில் மின்சாரத்தை நிறுத்துவது எவ்வளவு பெரிய கொடுமை என்பது இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். துண்டித்த அன்றே, தேதி தெரியும்படி படம் எடுத்து, அன்றைக்கே மனுக் கொடுங்கள்.

வாடகையை ஏற்றாமலேயே ஏற்றும் வழிகளையும் கவனியுங்கள். வாடகை ஏறினால் அட்வான்ஸையும் ஏற்று என்பார்கள். பத்து மாத அட்வான்ஸ் வழக்கம் உள்ள வீட்டில் 8,000 என்பது 12,000 ஆனால் கூடுதலாக 40,000 ரூபாய் எடுத்து வைக்க வேண்டும். மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது சட்டம். ஆனால் 'வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்' என்ற ஓட்டையோடு சொல்கிறது. பத்து மாதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அந்தப் பாதுகாப்புப் போயிற்று. கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் வீடுகளில் அந்தச் செலவு யாருடையது, எத்தனை பேர் பங்கு என்பதையும், சப் மீட்டர் இருந்தால் யூனிட்டுக்கு எவ்வளவு என்பதையும் தனிக் கட்டணங்களில் எழுதி வாங்குங்கள். எழுதாத கட்டணம்தான் சீசனுக்குச் சீசன் வளரும்.

பழுது பார்ப்பதும் அப்படியே. சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி கட்டட அமைப்புப் பழுது, வெள்ளையடிப்பு, கதவு ஜன்னல் பெயிண்ட், குழாய் மாற்றம், மின் வயரிங் ஓனருடையவை. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, வடிகால் சுத்தம் ஆகியவற்றோடு கீஸர் பழுதும் வாடகைதாரர் தலையில்தான். கீஸர் இல்லாமல் ஒரு நாளும் ஓடாத ஊரில் இது கனமான வரி. ஓனர் வைத்துக் கொடுத்த பழைய கீஸராக இருந்தால், பழுது அவருடையது என்று ஒப்பந்தத்தில் மாற்றி எழுதிக்கொள்ளலாம். தென்மேற்குப் பருவமழையில் தகரக் கூரை ஒழுகி, சுவர் ஓதம் ஏறிப் பூஞ்சை படர்ந்தால் அது கூரையின் குறை. காலி செய்யும்போது 'பெயிண்டிங் செலவு ஒரு மாத வாடகை' என்று அட்வான்ஸில் பிடிப்பதை, ஒப்பந்தத்தில் நீங்கள் ஒப்புக்கொண்டிருக்காவிட்டால், ஏற்கத் தேவையில்லை. குடிவரும் நாளில் கூரையின் உட்புறம், ஜன்னல் ஓரம், குளியலறைச் சுவர் மூன்றையும் படம் எடுத்து ஓனருக்கே அனுப்பிவையுங்கள்.

சேவையின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். வாடகை அதிகாரியாக இருப்பவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வருவாய்த் துறை அலுவலர், மாவட்டங்களில் பொதுவாகக் கோட்டாட்சியர். நிலம், சான்றிதழ், தேர்தல், மழைக்காலத்தில் மண்சரிவு என்று அவர் கையில் ஏற்கெனவே நூறு வேலை. இதற்கென்றே ஒருவர் இல்லாதது பெரிய குறை. நீலகிரியில் ஊட்டி, குன்னூர், கூடலூர் என மூன்றே கோட்டங்கள். கோத்தகிரிக்காரர் குன்னூருக்கும் பந்தலூர்க்காரர் கூடலூருக்கும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போக வேண்டும். மாதம் ஒரு நாள் தாலுகா அலுவலகத்தில் அமர்ந்து மனு வாங்கினாலே பாதிப் பேருக்கு வழி பிறக்கும். பதிவு இணையத்தில் நடந்தாலும் தகராறு மனுவை வாடகைதாரர் தனியாக எழுதிவிட முடியாது. பெண்களுக்கும் பட்டியலின, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் அழைத்தாலோ, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போனாலோ வழக்கறிஞர் கிடைப்பார். குறைந்த வருமானக்காரர்களுக்கும் அதே உதவி உண்டு.

ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருக்கும்போதே புதுப்பிப்பை நீங்களே எழுத்தில் கேளுங்கள். பேச்சு முறிந்து காலி செய்வதே மேல் என்று முடிவானால், ஒப்பந்தத்தில் சொன்னபடி அறிவிப்புக் கொடுத்து, சொன்ன தேதியில் சாவியைக் கொடுங்கள். குடியிருப்பு முறைப்படி முடிவுக்கு வந்தும் காலி செய்யாமல் தங்கினால், இரட்டிப்பு வாடகை கேட்க ஓனருக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. சாவி கொடுக்கும்போது மின் மீட்டர் அளவு, தண்ணீர்ப் பாக்கி, அட்வான்ஸ் தொகை மூன்றையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் வாங்கிக்கொள்ளுங்கள். நியாயமான பிடித்தம் போக மீதி அட்வான்ஸ் ஒரு மாதத்துக்குள் கைக்கு வர வேண்டும். வராவிட்டால் அந்தத் தாளோடு பதிவு எண்ணையும் வைத்து, அதே கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம்.